கீதம் ஒலிக்கும்போது மண்டியிட நினைக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால்: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

கீதத்துக்கு எழுந்து நிற்காமல் ஒரு முழங்காலில் இருப்பது அமெரிக்க விளையாட்டில் ஓர் அமைதியான எதிர்ப்பு. "வர்ற வெள்ளிக்கிழமை மேட்ச்ல தேசிய கீதம் பாடும்போது நான் மண்டியிடப் போறேன்" என்று அமெரிக்கப் பள்ளி டீமில் விளையாடுகிற மகனோ மகளோ சொன்னால், நம் வீடுகளில் முதலில் வருகிற பதில் "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்பதுதான். அடுத்தது "விசா என்ன ஆகும்". இரண்டுமே நியாயமான பயங்கள். ஆனால் அந்தப் பயத்தில், பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்று யாரும் கேட்காமலேயே வெள்ளிக்கிழமை வந்துவிடும். அதற்குள் என்னென்ன செய்துகொள்ள வேண்டும் என்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். டீமே மண்டியிடும்போது தான் மட்டும் எழுந்து நிற்க விரும்புகிற பிள்ளைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், அந்தப் பிள்ளைக்கும் இதே அளவு துணை தேவைப்படும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுந்து நிற்பதையும் மரியாதையோடு செய்யலாம், மண்டியிடுவதையும் மரியாதையோடு செய்யலாம். கையில் ஃபோனை வைத்துக்கொண்டு, சூயிங்கம் மென்றுகொண்டு நிற்கிறவரை யாரும் எதுவும் சொல்வதில்லை, தலை குனிந்து ஒரு முழங்காலில் இருக்கிறவரைத் தேசத் துரோகி என்கிறார்கள், இது எனக்கு எப்போதுமே வருத்தமாக இருக்கும். அதனால் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம், உசுப்பேற்றவும் வேண்டாம். என்ன உரிமை இருக்கிறது, அது எதுவரை செல்லும், எப்படிச் செய்தால் சொல்ல வந்தது மற்றவர் காதில் விழும், இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினால் போதும்.

பள்ளி யாருடையது என்று பாருங்கள்

எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேச்சுரிமையைக் காக்கிற, அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை மட்டும்தான். அரசுப் பள்ளி என்றால் கோச், பிரின்சிபால், அந்த ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லாருமே அரசாங்கம் என்ற கணக்கில் வருவார்கள், ஆகவே அவர்கள் பிள்ளையின் பேச்சுரிமையை மதித்தே ஆக வேண்டும். தனியார் பள்ளி, தனியார் கிளப், வார இறுதியில் ஊர் ஊராகப் போய் ஆடுகிற டிராவல் டீம் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது. இது தெரியாமல் "ஃப்ரீ ஸ்பீச்" என்று சண்டைக்குப் போய் மூக்குடைபட்டுத் திரும்புவதுதான் நடக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு பழைய தீர்ப்புகள் அடித்தளம். முதலாவது 1943 ஜூன் 14-ல் வந்த பார்னெட் வழக்கு. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் சபைக் குழந்தைகள் கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டோம் என்று சொன்னதால் பள்ளியை விட்டு அனுப்பப்பட்டார்கள். மூன்று வருடம் முன்புதான் இதே மாதிரி வழக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், இந்த முறை தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டு, தேசப்பற்றைக் காட்டு என்று எந்த அதிகாரியும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று சொன்னது. போர் நடக்கும்போது, அதுவும் பள்ளிக் குழந்தைகள் விஷயத்தில் சொன்னது! இரண்டாவது 1969-ல் வந்த டிங்கர் வழக்கு. ஐயோவா மாநிலம் டிமாய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள், பள்ளி அவர்களை சஸ்பெண்ட் செய்தது, உச்ச நீதிமன்றம் 7-2 என்று மாணவர்கள் பக்கம் நின்றது. பள்ளியின் நடவடிக்கைகளைப் பெரிய அளவில் குலைக்காத வரை மாணவரின் அமைதியான கருத்து வெளிப்பாட்டைத் தடுக்க முடியாது என்பது அன்று வந்த அளவுகோல். பள்ளிக்கு ஓர் அசௌகரியம், நாலு பெற்றோர் கோபப்படுகிறார்கள் என்பதெல்லாம் அந்த அளவுகோலுக்குப் போதாது.

விளையாட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிற வழக்கும் இருக்கிறது. 2017-ல் கலிபோர்னியாவின் சான் பாஸ்குவல் வேலி ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் ஓர் அமெரிக்கப் பூர்வகுடி மாணவர் ஃபுட்பால் மேட்சில் கீதத்தின்போது மண்டியிட்டார். அரிசோனாவில் நடந்த ஒரு மேட்சுக்குப் பிறகு எதிரணிப் பள்ளி மாணவர்கள் வந்து இனவெறி வசவுகளால் திட்டி மிரட்டினார்கள். டிஸ்ட்ரிக்ட் என்ன செய்தது தெரியுமா? மிரட்டியவர்களை விட்டுவிட்டு, இனி எல்லாரும் கட்டாயம் நிற்க வேண்டும் என்று விதி போட்டது. மாணவர் தரப்பு நீதிமன்றம் போனது, டிசம்பரிலேயே அந்த விதிக்கு ஃபெடரல் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். அதே வருடம் லூசியானாவில் ஒரு பிரின்சிபால், கீதத்துக்கு நிற்காத வீரர்களின் ஆட்ட நேரம் குறைக்கப்படும் என்று வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார். அதனால் உங்கள் பள்ளியிலிருந்து அப்படி ஒரு கடிதம் வந்தால் அதையே சட்டம் என்று நம்பிவிடாதீர்கள், கடிதத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கீதத்தின்போது மண்டியிட்ட பள்ளி வீரரைப் பற்றி உச்ச நீதிமன்றம் நேரடியாகத் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. மேலே சொன்ன கலிபோர்னியா உத்தரவு ஒரு கீழ்நிலை ஃபெடரல் நீதிமன்றத்தினுடையது. அப்புறம், கோச்சை எதிர்ப்பது வேறு, கீதத்தின்போது மௌனமாக ஒரு கருத்தைக் காட்டுவது வேறு. டென்னசியில் சில ஃபுட்பால் மாணவர்கள் கோச்சை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், அவர்களை டீமிலிருந்து நீக்கியது சரியே என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது டீமின் ஒழுங்கைக் குலைத்தார்கள் என்று காட்ட இடம் கொடுத்தால் பிள்ளையின் நிலைமை பலவீனமாகிவிடும். கோச் மேல் இருக்கிற கோபத்தையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

தனியார் பள்ளி என்றால் ஹேண்ட்புக்கை எடுத்து வரி விடாமல் படியுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் அங்கே சட்டம். கலிபோர்னியாவில் மட்டும் லியோனார்ட் சட்டமும் அதை ஒட்டிய பள்ளிகளுக்கான சட்டப் பிரிவும் தனியார் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்புத் தருகின்றன, மத அமைப்புகள் நடத்தும் இடங்களுக்கு அதில் விலக்கு உண்டு. டெக்சஸ், ஃபுளோரிடா மாநிலங்களில் காலையில் சொல்கிற கொடி உறுதிமொழியைப் பிள்ளை சொல்லாமல் இருக்கப் பெற்றோர் எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது உறுதிமொழிக்கானது, கீதத்துக்கு அல்ல. ஆனால் அந்த மாநிலங்களில் இருப்பவர்கள் ஒரு கடிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

"மண்டியிடுவது சட்டவிரோதம்" என்று மைதானத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். கீதம் பாடும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஃபெடரல் சட்டத்தில் ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். கொடியைப் பார்த்து நிற்க வேண்டும், வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும், சீருடையில் இல்லாத ஆண்கள் தொப்பியைக் கழற்றி இடது தோளருகே பிடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் அது எப்படி நடந்துகொள்வது முறை என்று சொல்வதோடு சரி. மீறினால் அபராதமோ தண்டனையோ கிடையாது.

காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்

"எதுக்காக இதைச் செய்யற?" என்று கேளுங்கள், குறுக்குக் கேள்வி போடாமல் பதிலைக் கேளுங்கள். பிள்ளை பத்து நிமிடம் பேசட்டும். பிறகு அதை ஒரு வாக்கியமாகச் சுருக்கச் சொல்லுங்கள், பாட்டிக்கு ஃபோனில் சொன்னால் புரிகிற மாதிரி. சுருக்க வரவில்லை என்றால் இந்த வெள்ளிக்கிழமை வேண்டாம், இன்னும் ஒரு வாரம் யோசிக்கட்டும். எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற காரியம் இல்லை இது.

காலின் கேப்பர்னிக்கின் கதையை இந்த இடத்தில் பிள்ளைக்குச் சொல்லலாம், எல்லாரும் அறிந்த பெயர் என்றாலும் பலருக்கு முழுக் கதை தெரியாது. சான் ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணியின் குவாட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்துகிற வீரர். 2016 ஆகஸ்டில் சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் கீதத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். முதல் இரண்டு முறை யாருமே கவனிக்கவில்லை. ஆகஸ்ட் 26-ல் மூன்றாவது முறை ஒரு நிருபர் கவனித்துக் கேட்டபோது, கறுப்பின மக்களுக்கு எதிரான காவல்துறை வன்முறைதான் காரணம் என்று தெளிவாகச் சொன்னார். ஊரே இரண்டுபட்டது. அப்போது நேட் போயர் என்ற முன்னாள் ராணுவச் சிறப்புப் படை வீரர், சிறிது காலம் என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீகின் அணியிலும் இருந்தவர், கேப்பர்னிக்குக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். உட்காருவதற்குப் பதில் மண்டியிடுங்கள், இறந்த தோழனின் கல்லறை முன் சிப்பாய்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று போயர் சொன்னார். செப்டம்பர் 1 அன்று சான் டியேகோவில் கேப்பர்னிக்கும் சக வீரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள், பக்கத்திலேயே போயர் நெஞ்சில் கை வைத்து நின்றார்.

உலகம் முழுக்கப் பரவிய அந்தச் சைகை, தன்னோடு உடன்படாத ஒருவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டதால் பிறந்தது. இதைப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். ராணுவத்தில் இருந்த ஒருவரை, கோச்சாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஸ்கூல் டிரைவராகவும் இருக்கலாம், முன்கூட்டியே பார்த்து "நான் இப்படிச் செய்ய நினைக்கிறேன், உங்களுக்கு எப்படிப் படும்?" என்று பிள்ளை கேட்கலாம். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அந்தப் பேச்சு வீணாகாது.

அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. போலீஸ்காரர்களைப் பன்றியாக வரைந்த காலுறையைப் பயிற்சியில் அவர் போட்டிருந்த படங்கள் அதே நேரத்தில் வெளிவந்தன. போராட்டம் தொடங்குவதற்கு முன் போட்டது என்று அவர் விளக்கினாலும், பல நாள் பேச்சு காலுறையைப் பற்றியே ஓடியது. ஆகவே பிள்ளையின் பழைய பதிவுகள், மீம்கள், டீஷர்ட்டில் இருக்கிற வாசகம் வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பள்ளிக்கு வெளியே, வார இறுதியில், சமூக ஊடகத்தில் போடுகிற பதிவுக்குப் பள்ளி தண்டிப்பது எளிதல்ல என்று 2021-ல் ஒரு சியர்லீடர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று சொல்லியிருப்பது உண்மைதான், ஆனால் நீதிமன்றம் காப்பாற்றுவது தண்டனையிலிருந்து மட்டும், ஊர் வாயிலிருந்து காப்பாற்றாது.

கோச்சிடம் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள்

மைதானத்தில் திடீரென்று பார்த்து கோச் அதிர்ச்சி அடைவதுதான் முக்கால்வாசிப் பிரச்சினைக்கு ஆரம்பம். இரண்டு மூன்று நாள் முன்பே பிள்ளை நேரில் போய்ச் சொல்லட்டும், அன்று மாலையே அதை மின்னஞ்சலாகவும் அனுப்பட்டும். பெற்றோர் எழுத வேண்டாம், பிள்ளையின் பெயரிலேயே போகட்டும், உங்களுக்கு ஒரு நகல் வந்தால் போதும். சாரம் இப்படி இருக்கலாம்:

"கோச், இன்று பேசியதற்கு நன்றி. வெள்ளிக்கிழமை மேட்சில் தேசிய கீதத்தின்போது நான் ஒரு முழங்காலில் அமைதியாக இருப்பேன். இன்ன காரணத்துக்காக இதைச் செய்கிறேன். இது டீமுக்கோ உங்களுக்கோ ராணுவத்தினருக்கோ எதிரானது அல்ல. வரிசையில் என் இடத்திலேயே இருப்பேன், யாரையும் சேரச் சொல்ல மாட்டேன். கீதம் முடிந்ததும் வழக்கம்போல ஆட்டத்துக்குத் தயாராக இருப்பேன்."

இவ்வளவுதான். "செய்யலாமா?" என்ற கேள்வி அதில் இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் இருக்கிற உரிமைக்கு அனுமதி கேட்டால் "கூடாது" என்று சொல்கிற வாய்ப்பை நாமே கோச் கையில் கொடுத்துவிடுகிறோம், அவர் மேலிடத்துக்குப் பயந்து அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயமும் வந்துவிடும். தனியார் பள்ளி என்றால் மட்டும் இந்தக் கடைசிக் குறிப்பைத் திருப்பிப் போடுங்கள், அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"வேற வழி இல்லையா?" என்று கோச் கேட்டால் கோபப்பட வேண்டாம், உண்மையிலேயே வேறு வழிகள் உண்டு. 2017 செப்டம்பரில் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஃபுட்பால் அணி அரிசோனாவில் கீதத்துக்கு முன்பு எல்லாரும் சேர்ந்து மண்டியிட்டார்கள், பின்பு எழுந்து கீதத்துக்கு நின்றார்கள். 2020 ஜூலையில் பெண்கள் கூடைப்பந்து லீகின் இரண்டு அணிகள் கீதத்தின்போது லாக்கர் ரூமுக்குப் போய்விட்டு, ஆட்டம் தொடங்கும் முன் பிரியானா டெய்லருக்காக 26 நொடி மௌனம் காத்தார்கள், போலீஸ் சுட்டபோது அவருக்கு வயது 26. ஆண்கள் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.-வில் டென்வர் அணிக்கு ஆடிய மஹ்மூத் அப்துல் ரவூஃப் 1996 மார்ச்சில் நிற்க மறுத்து ஒரு மேட்ச் சஸ்பெண்ட் ஆனார், பிறகு நின்றுகொண்டே தலை குனிந்து பிரார்த்தனை செய்வது என்று சமரசம் ஆயிற்று. இதில் பிள்ளையின் மனதுக்கு ஒத்துவருவது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஒத்துவராவிட்டால் "யோசிச்சுப் பார்த்தேன் கோச், நான் மண்டியிடறதுதான் சரின்னு படுது" என்று மரியாதையாகச் சொல்லலாம்.

அந்த இரண்டு நிமிடம்

இதை வீட்டில் ஒத்திகை பார்க்கச் சொல்வேன். சங்கடமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வலது முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்க வேண்டும், கையில் வைத்து உருட்டக் கூடாது. கொடியைப் பார்த்தபடி ஒரு முழங்கால் மட்டும் தரையில், முதுகு நேராக, கை நெஞ்சிலோ மடித்த முழங்கால் மேலோ. கீதத்தின் முதல் வரிக்கு முன்பே மண்டியிட்டுவிட வேண்டும், பாதியில் கீழே இறங்கினால் அது நாடகம் மாதிரித் தெரியும். கடைசி வரி முடிந்து கைத்தட்டல் தொடங்கிய பிறகு எழ வேண்டும். வாயில் எதுவும் இருக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, கேலரியிலிருந்து யாராவது கத்தினால் திரும்பக் கூடாது. காமிரா எங்கே இருக்கிறது என்று தேடவே கூடாது.

ஓக்லண்ட் அணியின் கேட்சர் புரூஸ் மேக்ஸ்வெல் 2017 செப்டம்பரில் மேஜர் லீக் பேஸ்பாலில் கீதத்தின்போது மண்டியிட்ட முதல் வீரர். ராணுவக் குடும்பத்துப் பிள்ளை. தொப்பியைக் கழற்றிக் கையால் நெஞ்சில் பிடித்துக்கொண்டு, கொடியையே பார்த்தபடி மண்டியிட்டார். பின்னால் மார்க் கேனா என்ற சக வீரர் நின்றபடி ஒரு கையைத் தன் நெஞ்சிலும் மற்றதை மேக்ஸ்வெல் தோளிலும் வைத்திருந்தார். அந்தப் புகைப்படத்தைப் பிள்ளைக்குத் தேடிக் காட்டுங்கள். ஒத்திகைக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை, பத்து நிமிடம் நான் எழுதுவதை அந்த ஒரு படம் காட்டிவிடும்.

பெற்றோர் கேலரியில் இருப்பீர்கள். நீங்கள் எழுந்து நில்லுங்கள், அல்லது உங்கள் மனசாட்சி சொல்வதைச் செய்யுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் ஏதாவது சொன்னால் "மேட்ச் முடிஞ்சதும் பேசலாம்" என்பதோடு நிறுத்துங்கள். கீதம் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்து முடிந்து ஒரு நிமிடம் வரை உங்களில் ஒருவர் வீடியோ எடுப்பது நல்லது. இணையத்தில் போடுவதற்கு அல்ல, நாளைக்கு "அவன் கலாட்டா செய்தான்" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு. மேட்ச் முடிந்து பிள்ளை பஸ்ஸுக்கோ காருக்கோ போகும்வரை கூடவே இருங்கள், வெளியூர் மேட்ச் என்றால் கண்டிப்பாக. சான் பாஸ்குவல் மாணவருக்கு நடந்ததும் வெளியூரில்தான்.

நிற்கிறவர் பக்கமும் யோசிக்கச் சொல்லுங்கள்

டீமுக்குள் இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, அதிகம் பேர் இதைப் பேசுவதும் இல்லை. மண்டியிடும் உரிமை எதிலிருந்து வருகிறதோ அதிலிருந்துதான் நிற்கிற உரிமையும் வருகிறது. 2020 ஜூலை இறுதியில் ஒர்லாண்டோ மேஜிக் கூடைப்பந்து அணியின் ஜோனதன் ஐசக், சுற்றி இரண்டு அணியும் மண்டியிட்டிருக்க, தன் மத நம்பிக்கையைக் காரணம் சொல்லித் தனியாக நின்றார். அதற்கும் தைரியம் வேண்டும். அவரைக் கேலி செய்தவர்களும், கேப்பர்னிக்கை வசைபாடியவர்களும் செய்தது ஒரே காரியம்தான்.

2017-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஃபுட்பால் அணி கீதத்துக்கு வெளியே வராமல் இருப்போம் என்று முடிவெடுத்தது. ஆஃப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் ராணுவ அதிகாரி அலெஹாந்த்ரோ வியனுவேவா மட்டும் சுரங்கப் பாதை வாசலில் தனியாக நெஞ்சில் கை வைத்து நின்ற படம் நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் அவர் வருத்தப்பட்டார், சக வீரர்களைத் தெரியாமல் மோசமாகக் காட்டிவிட்டேன், அந்தப் படத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்றார். டீம் அவசரமாக, எல்லாருக்கும் ஒரே முடிவு என்று எடுத்தால் இப்படித்தான் ஒருவர் மாட்டிக்கொள்வார். அதனால் பிள்ளை கேப்டனாக இருந்தால் "எல்லாரும் செய்யணும்" என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பும் வேண்டாம். "நான் இதைச் செய்யறேன், நீங்க உங்க விருப்பம்" என்றால் போதும். நிற்கிற நண்பன் தோளில் கை வைக்க முன்வந்தால், பிலடெல்பியா அணியில் முஷ்டியை உயர்த்திய மால்கம் ஜென்கின்ஸின் தோளை கிறிஸ் லாங் அணைத்தபடி நின்றது போல, அது பெரிய பலம், ஆனால் கேட்டு வாங்கக் கூடாதது.

விலை என்ன என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்

1968 அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் முஷ்டியை உயர்த்திய கறுப்பின ஓட்ட வீரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் அமெரிக்க அணியிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். அப்துல் ரவூஃப் அந்த ஒரு மேட்சுக்கு 31,000 டாலருக்கு மேல் சம்பளம் இழந்தார். கேப்பர்னிக் அந்த 2016 சீசனுக்குப் பிறகு ஒரு என்.எஃப்.எல். மேட்ச்கூட ஆடவில்லை. 2019-ல் லிமாவில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் மேடையில் மண்டியிட்ட வாள்வீச்சு வீரர் ரேஸ் இம்போடனுக்கும் முஷ்டியை உயர்த்திய குவென் பெர்ரிக்கும் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி 12 மாத எச்சரிக்கைக் காலம் விதித்தது.

பிறகு விளையாட்டு அமைப்புகள் பின்வாங்கின. கால்பந்து வீராங்கனை மேகன் ரப்பினோ மண்டியிட்ட பிறகு 2017-ல் "நிற்க வேண்டும்" என்று விதி போட்ட அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் 2020 ஜூனில் அதை நீக்கியது. அதே மாதம் என்.எஃப்.எல். கமிஷனர் ராஜர் குடெல், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காதது தவறு என்றார். டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டியும் இனி இன நீதிக்கான அமைதியான வெளிப்பாட்டுக்குத் தண்டனை இல்லை என்றது. நல்லதுதான். ஆனால் அமைப்புகள் மனம் மாற நாலு வருடம் ஆகும், பள்ளிப் பிள்ளையின் சீசன் பத்துச் சொச்ச மேட்ச், இந்த வருடம் போனால் போனதுதான். ஸ்காலர்ஷிப்புக்காகக் கல்லூரி கோச்கள் பார்க்க வருகிற வருடமாக இருந்தால் அதையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். முடிவு பிள்ளையுடையது, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கட்டும்.

விசா விஷயம்

பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் மேலே சொன்ன பாதுகாப்பு முழுதாக உண்டு. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்களுக்கும் முதல் திருத்தம் பொருந்தும் என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவான நிலை. இருந்தாலும் 2025-ல் பாலஸ்தீன ஆதரவுக் கருத்துகளுக்காக விசாவிலும் கிரீன் கார்டிலும் இருந்த சில மாணவர்களை அரசாங்கம் தடுப்புக் காவலில் வைத்ததையும், அவர்களுக்காக வக்கீல்கள் நீதிமன்றத்தில் போராட வேண்டி வந்ததையும் பார்த்தோம். அவை வேறு விஷயம், பள்ளி மைதானத்தில் மண்டியிடுவதோடு அவற்றை ஒன்றாக்கிப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் F-1 மாணவர் விசாவில் கல்லூரி டீமில் ஆடுகிறவரோ, வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான H-4-ல் இருக்கிற பிள்ளையோ முடிவெடுக்கும் முன் குடியேற்றச் சட்ட வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது புத்திசாலித்தனம். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

தண்டித்தால்

பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அல்லது டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். அன்றிரவே யார், எப்போது, எந்த வார்த்தையில் சொன்னார் என்பதைப் பிள்ளை எழுதி வைக்கட்டும். மறுநாள் கோச்சுக்கும் பிரின்சிபாலுக்கும் மின்னஞ்சலில் ஒரே கேள்வி: "எந்த விதியின் கீழ் இந்த நடவடிக்கை?" எழுத்தில் பதில் வரும்வரை நேரில் வாக்குவாதம் வேண்டாம். கத்தினால் நம் பக்கத்து நியாயமே கெட்டுவிடும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட், பிறகு ஸ்கூல் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம். அதோடு குடிமக்கள் உரிமைகளுக்காக வழக்காடுகிற ஏ.சி.எல்.யு. அமைப்பின் உங்கள் மாநிலக் கிளைக்கு எழுதுங்கள், மாணவர் பேச்சுரிமை வழக்குகளை அவர்கள் கட்டணம் வாங்காமல் எடுப்பது உண்டு. வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், அரசு அமைப்புகள் மீது நோட்டீஸ் கொடுக்கச் சில மாநிலங்களில் காலக்கெடு குறைவு.

கல்லூரியிலும் இதே வழிதான். 2017 செப்டம்பரில் ஜார்ஜியாவில் கென்னசா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஐந்து கறுப்பின சியர்லீடர்கள் மண்டியிட்டார்கள். அடுத்து வந்த மேட்சுகளில் கீதம் முடிந்த பிறகுதான் சியர்லீடர்கள் மைதானத்துக்கு வரலாம் என்று நிர்வாகம் ஏற்பாட்டை மாற்றியது, அதற்கு முன்பே உள்ளூர் அரசியல் புள்ளிகள் அழுத்தம் கொடுத்திருந்தது பின்னால் வெளிவந்தது. நவம்பரில் பல்கலைக்கழகம் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது, ஒருவர் போட்ட வழக்கு 1,45,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. அரசு நிறுவனம் என்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

வாலன்டியர் கோச்சாக இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் உரிமை பிள்ளையின் உரிமையைவிடக் குறைவு, பணியில் இருக்கும்போது நீங்கள் பள்ளியின் குரல். மேட்ச் முடிந்தபின் தனிப்பட்ட முறையில் பிரார்த்தனை செய்த கோச்சுக்கு 2022-ல் உச்ச நீதிமன்றம் ஆதரவாகச் சொன்னதை வைத்து எல்லாமே அனுமதி என்று எண்ண வேண்டாம். உங்கள் டீமில் ஒரு பிள்ளை மண்டியிட்டால் கவனிக்க வேண்டியது அந்தப் பிள்ளையின் பாதுகாப்பையும் ஆட்ட நேரத்தையும்தான், இரண்டிலும் எந்த மாற்றமும் வரக் கூடாது.

கடைசியாக, சீசன் நடுவில் பிள்ளை "போதும்" என்று நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். அதற்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை, யாரிடமும் தோற்றுப்போனதாக ஆகாது. தொடங்கியபோது அனுப்பிய மாதிரி கோச்சுக்கு ஒரு வரி: "அடுத்த மேட்சிலிருந்து நிற்கப் போகிறேன்." டீமில் யாராவது ஏன் என்று கேட்டால், அந்த ஒரு வாக்கியக் காரணத்தைப் பிள்ளை இன்னொரு முறை சொல்லட்டும், "அது இன்னும் மாறல" என்றும் சேர்த்துக்கொள்ளட்டும்.